ஒரு வீடு கடனில்லாமலா, மூன்று வீடு கடனோடா?

புதுச்சாவி

வணக்கம். இங்கே நெடுநாளாகப் படித்துவருகிறேன், எழுதுவது முதல்முறை. குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது. சேமிப்பை வாடகை வீட்டில் போட நினைக்கிறேன்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் விகிதமாகவே சொல்கிறேன். நான் பார்க்கும் வீடுகளின் விலை 100. என் கையில் இருப்பதும் 100. ஆண்டு வாடகை 8. வங்கி 75 வரை கடன் தரும். வட்டி 6 சதவீதம், 30 ஆண்டுத் தவணை.

மாமா சொல்வது: முழுப் பணத்தையும் கொடுத்து ஒரு வீட்டை வாங்கு, நிம்மதியாகத் தூங்கு. அலுவலக நண்பர் சொல்வது: 25 வீதம் பிரித்து மூன்று வீடு வாங்கு, மிச்சம் 25 கையிருப்பு. அவர் கணக்குப்படி வாடகை 8, வட்டி 4.5, ஆக ஒரு வீட்டுக்கு 3.5 மிச்சம். 25 போட்டு 3.5 என்றால் 14 சதவீதம். கடனில்லாமல் வாங்கினால் 8 சதவீதம்தான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கோ இடிக்கிறது, எங்கே என்று தெரியவில்லை.

செங்கல்சூளை

நண்பர் சொல்வதுதான் சரி. மூன்று வீடு என்றால் மூன்று மடங்கு விலையேற்றம். ஆண்டுக்கு வெறும் 3 சதவீதம் ஏறினாலும் 300க்கு 9 ஏறுகிறது, நீங்கள் போட்டது 75தான். ஒரே வீடு என்றால் 100க்கு 3. வங்கி தன் வட்டியோடு ஒதுங்கிக்கொள்ளும். ஏற்றம் முழுவதும் உங்களுக்கு. சொத்து சேர்த்தவர்களில் கடன் வாங்காதவர் யாரையாவது காட்டுங்கள் பார்ப்போம். மாமாக்கள் பேச்சைக் கேட்டால் வாழ்நாள் முழுவதும் ஒரே வீடுதான்.

மூன்றாம்மாடி

எந்த நாடு என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

புதுச்சாவி

சொன்னால் பேச்சு அந்த நாட்டு வருமானவரிக்குள் போய் நின்றுவிடும் என்று பயம். முதலில் அடிப்படை விளங்கட்டும்.

கணக்குநோட்டு

எங்கே இடிக்கிறது என்று காட்டுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 8. அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வாடகை, உங்கள் கைக்கு வருவது வேறு. ஒருவர் காலி செய்து, சுவருக்கு வண்ணம் அடித்து, அடுத்தவர் குடிவர ஒரு மாதம் போனால் 0.67 போயிற்று. மிச்சம் 7.33. அதிலிருந்து சொத்துவரி, காப்பீடு, அடுக்குமாடியானால் பராமரிப்புக் கட்டணம், நிர்வாகத்துக்கு ஆள் வைத்தால் அவர் கூலி, அன்றாடப் பழுது, இவற்றோடு பலரும் மறந்துவிடும் பெரிய செலவுகள்: கூரை, குழாய், மின்தூக்கி, வெந்நீர்க் கருவி. கடைசியாகச் சொன்னவை ஆண்டுதோறும் வருவதில்லை என்பதால்தான் கணக்கில் ஏறுவதில்லை. வாடகையில் 35 சதவீதம், அதாவது 2.8 இவற்றுக்கெல்லாம் போகும் என்று வைக்கிறேன். பழைய கட்டடமென்றால் இதுவும் போதாது. அமெரிக்க முதலீட்டாளர்கள் சிலர் வாடகையில் பாதி செலவு என்றே தொடங்குவார்கள். ஆக நிகர வரவு ஏறத்தாழ 4.5. நூறு ரூபாய் வீடு தருவது நாலரை ரூபாய்தான், எட்டு இல்லை.

இரண்டாவது, நண்பர் வட்டியை மட்டும் கழித்திருக்கிறார். வங்கிக்கு அசலும் கட்ட வேண்டும். 75 கடனுக்கு 6 சதவீதத்தில் 30 ஆண்டுத் தவணை, ஆண்டுக்கு 5.4. வரவு 4.5, தவணை 5.4. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு 0.9 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். மூன்று வீட்டுக்கு 2.7.

மூன்றாவது, வாங்கும் செலவு. முத்திரைத் தீர்வை, பதிவு, வழக்கறிஞர், தரகு, கடன் பரிசீலனைக் கட்டணம். இடத்துக்கு இடம் மாறும், நான் 5 என்று வைக்கிறேன். மூன்று வீட்டுக்கு 15. உங்கள் 25 கையிருப்பு இப்போது 10. அதில் ஆண்டுக்கு 2.7 கரைகிறது. நான்காம் ஆண்டு முடிவதற்குள் பெட்டி காலி. இத்தனைக்கும் இடையில் எந்தக் கூரையும் ஒழுகக் கூடாது.

மாமாவின் வழியிலும் சிக்கல் உண்டு. 100 விலை, 5 செலவு, கையில் 100. அங்கேயே 5 துண்டு விழுகிறது.

செங்கல்சூளை

விலையேற்றத்தை ஒரு வரிகூடச் சொல்லாமல் முடித்துவிட்டீர்களே. அசல் கட்டுவதும் செலவல்ல, சேமிப்புதான்.

கணக்குநோட்டு

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் சேர்த்தே போடுகிறேன்; முதலாண்டு மட்டும்.

விலை 3 சதவீதம் ஏறுகிறது என்று வைப்போம். கடனில்லாத வீடு: வரவு 4.5, ஏற்றம் 3, ஆக 7.5, போட்டது 105. ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல். 75 கடன் வாங்கிய வீடு: கையிலிருந்து போனது 0.9, கழிந்த அசல் 0.9, இரண்டும் சரிக்குச் சரி. மிஞ்சுவது ஏற்றம் 3. போட்டது 30. பத்து சதவீதம். இங்கே நீங்கள் சொல்வது சரி, கடன் வென்றது.

விலை ஏறவே இல்லை என்று வைப்போம். கடனில்லாத வீடு 4.3 சதவீதம் தருகிறது. 75 கடன் வீடு ஏறத்தாழ சுழியம். விலை 10 சதவீதம் இறங்கினால்? கடனில்லாதவர் முகம் சுளிப்பார், வாடகையை வாங்கிக்கொண்டு இருப்பார். கடன் வாங்கியவர் விலைக்கென்று போட்ட 25இல் 10 காணாமல் போயிருக்கும். அந்த நேரத்தில் விற்கவும் முடியாது, விற்பதற்கும் செலவு உண்டு.

கடன் உதவுவது எப்போது என்றால், வாடகையின் நிகர வரவும் விலையேற்றமும் சேர்ந்து வட்டி விகிதத்தைத் தாண்டும்போது மட்டுமே. உங்கள் வீட்டில் வரவு 4.5, வட்டி 6. ஆண்டுக்கு 1.5 சதவீதமாவது விலை ஏறினால்தான் கடன் தன் கூலியையே சம்பாதிக்கும். இதே வீட்டுக்கு வட்டி 4 சதவீதமாக இருந்தால் தவணை 4.3தான், வாடகையே கடனைச் சுமந்துவிடும். வீடும் அதேதான், வாடகையும் அதேதான். குறைந்த வட்டிக் காலத்தில் இந்த வழியில் ஜெயித்தவர்கள் இப்போது கொடுக்கும் அறிவுரையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

அடமானக்காரி

வீட்டுக்கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். கடன் கொடுக்கும் பக்கம் எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன்.

‘75 வரை தரும்’ என்று வங்கி சொல்வதை உங்களால் 75 தாங்க முடியும் என்ற சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்றால் எங்கள் பணம் திரும்புமா என்று பார்த்துச் சொன்ன எண் அது. உங்கள் சம்பளம் நன்றாக இருப்பதால் துண்டு விழுவது எங்களை உறுத்தாது. அதை நீங்கள் போட்டுக்கொள்வீர்கள். சம்பளத்தைப் பார்க்காமல் வீட்டின் வரவை மட்டும் வைத்துக் கொடுக்கும் கடன்களில் அளவுகோல் வேறு. நிகர வரவு தவணையைப் போல் 1.2 அல்லது 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பிரிட்டனில் வாடகை வீட்டுக் கடனுக்கு, வட்டியைப் போல் 125 முதல் 145 சதவீதம் வாடகை வர வேண்டும் என்பது வழக்கம். அமெரிக்காவில், வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேன்னி மே நிறுவனத்தின் விதிப்படி வாடகையில் 75 சதவீதத்தைத்தான் வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். மீதி காலி மாதத்துக்கும் பராமரிப்புக்கும் போனதாகக் கணக்கு.

புதுச்சாவி வீட்டுக்கு 1.25 மடங்கு வைத்துப் பார்த்தேன். 4.5ஐ 1.25ஆல் வகுத்தால் 3.6. அந்தத் தவணைக்கு 6 சதவீதத்தில் கிடைக்கும் கடன் 50. இந்த வீடு தன் காலில் நின்று தாங்கும் கடன் அவ்வளவுதான். அதற்கு மேல் வாங்கும் 25ஐத் தாங்குவது வீடு அல்ல, உங்கள் சம்பளம்.

இரவுக்காவல்

சொந்தக் குடியிருப்புக்கு என்று எழுதிக்கொடுத்தால் வட்டியும் குறைவு, கடனும் அதிகம். வாங்கிய பிறகு வாடகைக்கு விட்டால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

அடமானக்காரி

தம்பி, பார்ப்பார்கள். காப்பீட்டிலும் மின்கட்டணத்திலும் கடிதம் போகும் முகவரியிலும் வெளியே வந்துவிடும். கடன் ஒப்பந்தத்தில் பொய் சொன்னால் முழுக் கடனையும் உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு. பல நாடுகளில் அது குற்றமும்கூட. நேர்வழியிலேயே ஒன்று இருக்கிறது. இரண்டு முதல் நான்கு குடித்தனம் உள்ள கட்டடத்தை வாங்கி, ஒன்றில் நீங்களே குடியிருந்து மற்றவற்றை வாடகைக்கு விடலாம். அமெரிக்காவில் அரசு காப்புறுதி தரும் எஃப்.எச்.ஏ. கடனில் இதற்கு 3.5 சதவீதம் சொந்தப் பணம் போதும், ஓராண்டாவது அங்கே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புதுச்சாவிக்கு இது பொருந்தாது, ஏற்கெனவே வீடு இருக்கிறதே.

நெறியாளர்

இரவுக்காவல், விதியை ஏய்க்கும் யோசனைகள் இங்கே வேண்டாம். அடுத்த முறை பதிவு நீக்கப்படும்.

புதுச்சாவி

கணக்குநோட்டு அண்ணா, அடமானக்காரி அக்கா, இருவருக்கும் நன்றி. ஒன்று கேட்கிறேன். வட்டி மட்டும் கட்டும் கடன் என்று ஒன்று சொல்கிறார்களே, அதில் 75க்கு ஆண்டுக்கு 4.5தானே? வரவும் 4.5. துண்டு விழாது அல்லவா?

கணக்குநோட்டு

விழாது. ஆனால் பத்து ஆண்டு கழித்தும் கடன் 75ஆகவே இருக்கும். ஒரே ஒரு மாதம் கூடுதலாகக் காலியாக இருந்தாலும் துண்டுதான். அசலை ஒரேயடியாகக் கேட்கும் நாள் வேறு வரும்.

அடமானக்காரி

அந்த நாளைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். வட்டி 6ஆ 6.25ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள், அந்த வட்டி எத்தனை ஆண்டுக்கு என்பதைக் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் கடன் ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டிய வரி அதுதான்.

அமெரிக்காவில் 30 ஆண்டும் வட்டி மாறாத கடன் சாதாரணமாகக் கிடைக்கிறது. கனடாவில் தவணையை 25 ஆண்டுக்குப் பிரித்திருப்பார்கள், வட்டி ஒப்பந்தம் பெரும்பாலும் 5 ஆண்டுக்குத்தான். பிரிட்டனில் 2 ஆண்டு, 5 ஆண்டு. இந்தியாவில் வீட்டுக்கடன்களில் பெரும்பகுதி மாறும் வட்டி. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டிக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச் தொடங்கி 2023 ஜூலைக்குள் தன் வட்டியைச் சுழியத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றியது. மாறும் வட்டியில் பெரிய குடியிருப்புக் கட்டடங்களை வாங்கியிருந்த கூட்டு முதலீட்டாளர்கள் பலர் அதில்தான் மாட்டினார்கள். வீடுகளில் ஆள் இருந்தார்கள், வாடகையும் வந்தது, தவணைதான் எகிறிவிட்டது.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1920களில் அமெரிக்காவில் வீட்டுக்கடன் என்றாலே சில ஆண்டுக் கடன்தான். வட்டியை மட்டும் கட்டுவது, முடிவில் புதுப்பித்துக்கொள்வது. கடன் அளவும் விலையில் பாதியை ஒட்டியே இருக்கும், அகலக்கால் என்று சொல்ல முடியாது. 1930களின் பெருமந்தத்தில் வங்கிகள் புதுப்பிக்க மறுத்தபோது வீடுகள் கொத்துக்கொத்தாகப் பறிபோயின. 1933இலும் 1934இலும் அரசே அமைப்புகளை உருவாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்து கழியும் நீண்டகாலக் கடனைப் பரவலாக்கியது அதற்குப் பிறகுதான். பாதிக் கடன் வாங்கியவரையும் குறுகிய கெடு கவிழ்த்துவிட்டது.

கணக்குநோட்டு

அக்கா சொன்னதை எண்ணில் போட்டுப் பார்த்தேன். 5 ஆண்டு கழித்து வட்டி 8க்கு மாறுகிறது, மீதித் தவணை 25 ஆண்டு. 75 கடன் வாங்கியவருக்குத் தவணை 5.4இலிருந்து 6.5 ஆகிறது. 50 கடன் வாங்கியவருக்கு 3.6இலிருந்து 4.3. வாடகை ஒரு காசுகூட ஏறாவிட்டாலும் இரண்டாமவரின் 4.5க்குள் அது அடங்குகிறது, மயிரிழையில்.

செங்கல்சூளை

சரி, எண்ணோடு சண்டை போட முடியாது. ஆனாலும் ஒன்று சொல்வேன். நீங்கள் எல்லோரும் விற்பவர் சொன்ன விலைக்கே வாங்குவதாகக் கணக்குப் போடுகிறீர்கள். நான் அப்படி வாங்கியதில்லை. சிதைந்த வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு, வாடகைக்கு விட்டு, உயர்ந்த மதிப்பில் மறுகடன் (பழைய கடனை அடைக்கும் புதிய, பெரிய கடன்) எடுத்து, அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்குவேன். லாபம் வாங்கும் நாளிலேயே இருக்கிறது.

மூன்றாம்மாடி

செங்கல்சூளை அண்ணனுக்குக் கொத்தனார், தச்சர் எல்லோரும் கைவசம் இருக்கிறார்கள், இடிந்த சுவரைப் பார்த்தால் செலவு சொல்லிவிடுவார். முதல் வீடு வாங்குபவர் அதைப் பார்த்துத் துணியக் கூடாது. அந்தச் சுழற்சியில் பணம் நிற்கும் இடங்கள் மூன்று. செப்பனிடும் காலத்தில் வாடகை இல்லை, குறுகியகாலக் கடனின் வட்டியோ அதிகம். மறுகடன் கொடுப்பவர்கள் பலர் வாங்கிச் சில மாதம், சில இடங்களில் ஓராண்டு போனால்தான் புதிய மதிப்பை ஏற்பார்கள். மதிப்பீட்டாளர் நீங்கள் எதிர்பார்த்த எண்ணை எழுதாவிட்டால் போட்ட பணம் சுவருக்குள்ளேயே தங்கிவிடும்.

வாங்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் சொல்லிவிடுகிறேன். குடித்தனக்காரரோடு விற்கும் வீடானால், ஒப்பந்தத்தைக் காட்டி ‘வாடகை 8’ என்பார்கள். வங்கிக் கணக்கில் 8 வந்து விழுந்ததா என்று ஓராண்டுக்குக் கேளுங்கள். விற்பனைக்காகவே வாடகையை ஏற்றி எழுதி, அதை ஈடுகட்ட இரண்டு மாதம் இலவசம் கொடுத்திருக்கும் ஏற்பாடுகளைப் பார்த்திருக்கிறேன். குடித்தனக்காரரிடமே நேரில் பேசுங்கள்: வாடகை எவ்வளவு, வைப்புத்தொகை எவ்வளவு, வாய்மொழியாக ஏதாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்களா. அந்த வைப்புத்தொகை பத்திரப்பதிவு நாளில் உங்களுக்கு மாற வேண்டும். மாறாவிட்டால் அவர் காலி செய்யும்போது உங்கள் பையிலிருந்து கொடுப்பீர்கள்.

அடுக்குமாடியானால் சங்கத்தின் கணக்கையும் கேளுங்கள். பெரிய பழுதுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, விற்பவர் நிலுவை வைத்திருக்கிறாரா. வில்லங்கம் பார்ப்பதை வங்கி வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார்.

விலை பேசும்போது ஒரு நிபந்தனை கட்டாயம்: குறித்த நாளுக்குள் கடன் அனுமதி கிடைக்காவிட்டாலோ, மதிப்பீடு விலையைவிடக் குறைந்தாலோ, கொடுத்த முன்தொகை திரும்ப வேண்டும். வங்கி பெரும்பாலும் கடன் தருவது மதிப்பீடு, நீங்கள் பேசிய விலை இரண்டில் குறைந்ததன்மேல். 100க்குப் பேசிய வீட்டை 92 என்று மதிப்பிட்டால் அந்த 8 உங்கள் தலையில்.

புதுச்சாவி

வரியைப் பற்றி நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது ஒரே ஒரு கேள்வி: ‘துண்டு விழுந்தால் நல்லது, வருமானவரியில் கழித்துக்கொள்ளலாம்’ என்று நண்பர் சொல்கிறார்.

கணக்குநோட்டு

ஒரு ரூபாயைத் தொலைத்து முப்பது காசு திரும்பப் பெறுவது லாபமாகாது. அந்தச் சலுகையும் அரசின் கையில் இருக்கிறது. பிரிட்டனில் வட்டி முழுவதையும் கழித்துவந்தார்கள்; 2017 ஏப்ரலில் குறைக்கத் தொடங்கி 2020 ஏப்ரலோடு 20 சதவீத வரித்தள்ளுபடி மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இந்தியாவில் வாடகை வீட்டு நட்டத்தை மற்ற வருமானத்தோடு கழிக்க 2017–18 நிதியாண்டு முதல் 2 லட்சம் ரூபாய் வரம்பு. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 ஆண்டுக் கடனை இன்றைய வரிச்சலுகையை நம்பி வாங்காதீர்கள்.

அடமானக்காரி

இன்னொன்று. இரண்டு மூன்று வீடுகளை ஒரே வங்கியில் அடமானம் வைத்தால், ஒன்றின் கடனுக்கு மற்றவையும் ஈடு என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஒன்றை விற்க நினைத்தாலும் வங்கியின் தயவு வேண்டும். நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் வாங்கினாலும் தனிப்பட்ட ஜாமீன் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் நிறுவனம் என்ற தடுப்பு அந்தக் கடனுக்கு இல்லை.

புதுச்சாவி

எல்லாவற்றையும் படித்துவிட்டு மாமாவோடும் பேசினேன். மூன்று வீடு இல்லை. ஒரே வீடு, 50 கடன். விலைக்கும் செலவுக்குமாக என் கையிலிருந்து 55 போகும், 45 மிஞ்சும். வீட்டை 100க்கு வாங்கப் போவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். விற்பவர் 93 வரை இறங்குவார் போலிருக்கிறது.

மாமாவுக்கு இன்னும் ஒரு மனக்குறை. 6 சதவீதத்துக்குக் கடன் வாங்கிவிட்டு 45ஐ அதைவிடக் குறைந்த வட்டியில் வைப்பில் வைப்பதா என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

கணக்குநோட்டு

மாமா கணக்குத் தெரிந்தவர். அந்த வட்டி வித்தியாசம், நினைத்த நேரத்தில் பணம் எடுக்கும் வசதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை. வீட்டுக்குள் போட்ட பணத்தை வேலை போன மாதத்தில் எடுக்க முடியாது. அப்போது மறுகடன் கேட்டால் சம்பளச் சீட்டைக் கேட்பார்கள். ஆனால் 45 முழுவதற்கும் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை. ஓராண்டுத் தவணையும் ஒரு பெரிய பழுதும், ஏறத்தாழ 6 அல்லது 7 கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

அடமானக்காரி

மீதிக்கு ஒரு வழி: கடனோடு இணைந்த கணக்கு இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். அதில் பணம் கிடக்கும் நாள்களுக்கு, அவ்வளவு தொகைக்குக் கடன் வட்டி ஓடாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் பரவலாக உண்டு, இந்திய வங்கிகள் சில மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) வடிவில் தருகின்றன. இதற்கென வட்டியைச் சற்றுக் கூட்டுவார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள். இல்லையென்றால் இடையில் அசல் கட்டினால் அபராதம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

புதுச்சாவி

கேட்டேன். கணக்கு இருக்கிறதாம், வட்டி 0.15 கூடுதல். விலை 93 என்றால் வங்கிக்கு மனு கொடுக்கும் முன் கடனை 46 ஆக்கவா, 50 ஆகவே விடவா?

கணக்குநோட்டு

50க்கே மனு கொடுங்கள், அந்தக் கணக்கோடு. குறைவாக எடுப்பது கடைசி நாளிலும் முடியும், கூட்டிக் கேட்டால் பரிசீலனை முதலிலிருந்து தொடங்கும்.

செங்கல்சூளை

93க்கு ஒப்புக்கொள்ளும் முன் மேல்தளத்தை மழை நாளில் ஒருமுறை பாருங்கள். ஒழுகினால் 90.